இதயத்திலேயே தோன்றும் கட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அம்மாவின் எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட் பரிசோதனை) இடது மேலறையில் கட்டி என்று வந்திருக்கிறது. இது புற்றுநோயா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரியவை. பிற உறுப்புகளிலிருந்து இதயத்துக்குப் பரவும் புற்றுநோய் அவற்றைவிட 20 மடங்குக்கும் மேல் அதிகம். பெரியவர்களுக்கு இதயத்திலேயே தோன்றுபவற்றில் முதலிடம் மிக்சோமா என்ற சாதாரணக் (புற்றுநோயல்லாத) கட்டிக்குத்தான். அது பெரும்பாலும் இடது மேலறையில், மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் காம்புடன் ஒட்டியிருக்கும். மிட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) சுருக்கமோ, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற மேலறைத் துடிப்போ இருந்தால், அது உறைந்த இரத்தக் கட்டியாகவும் இருக்கலாமா என்று அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சாதாரணக் கட்டி என்றால் ஏன் உடனே அறுவை சிகிச்சை என்கிறார்கள்?

பதில்: திசுவின் குணம் சாதுவானது, இருக்கும் இடம் அப்படியல்ல. கட்டி வால்வை அடைக்கும்போது மூச்சுத்திணறலோ மயக்கமோ வரும். சிலருக்குப் படுப்பது, எழுந்து உட்கார்வது என்று உடலின் நிலையை மாற்றினால் இது கூடும் அல்லது குறையும். கட்டியிலிருந்து பிய்ந்த துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம்தான். கட்டி சுரக்கும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சியைத் தூண்டும் புரதம் காரணமாகக் காய்ச்சலும் எடைக்குறைவும் தோன்றி, இதய உள்ளுறை அழற்சியோ (இதயத்தின் உட்படலத்தில் வரும் தொற்று) என்று மருத்துவரையே குழப்புவதுண்டு. ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் 1954-இல் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் மிக்சோமாவை வெற்றிகரமாக அகற்றியபின், இது குணப்படுத்தக்கூடிய நோயாகிவிட்டது.

கேள்வி: நான் நோய்க்குறியியல் மாணவி. மிக்சோமாவின் ஸ்லைடில் எதைத் தேட வேண்டும், ஐயா?

பதில்: வெளிறிய மிக்சாய்டு (கூழ் போன்ற) பின்னணியில் நட்சத்திர வடிவ செல்களையும், அவை இரத்தக் குழாய்களைச் சுற்றி வளையமாக அமைவதையும் தேடுங்கள். பழைய இரத்தக்கசிவின் ஹீமோசிடெரின் (இரும்புச்சத்து நிறமி) படிவும் இருக்கும். உறைந்த இரத்தக் கட்டியோ என்று ஐயம் வந்தால், மிக்சோமா செல்களிலுள்ள கால்ரெட்டினின் என்ற புரதத்தைக் காட்டும் சாயம் உதவும். பக்கவாத நோயாளியின் தமனியிலிருந்து எடுத்த அடைப்பையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது; சில வேளைகளில் நோயே அங்குதான் முதலில் தெரியவரும்.

கேள்வி: கர்ப்பகால ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் பல கட்டிகள் என்கிறார்கள்.

பதில்: பல கட்டிகள் என்றால் ராப்டோமையோமா என்ற, இதயத் தசையில் தோன்றும் சாதாரணக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிறந்தபின் இவை பெரும்பாலும் தாமாகவே சுருங்கும். இரத்த ஓட்டத்தை அடைத்தாலோ இதயத் துடிப்பைக் குலைத்தாலோ மட்டுமே தலையிட வேண்டிவரும். ஆனால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபுநோயுடன் இவற்றுக்கு நெருங்கிய தொடர்புண்டு. ஆகவே மூளை, சிறுநீரகம், தோல் ஆகியவற்றையும் மரபணுவையும் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: அகற்றிய மிக்சோமா மீண்டும் வருமா?

பதில்: காம்பின் அடியோடு அகற்றினால் அரிது. இளவயதில் வந்தாலோ, பல இடங்களில் இருந்தாலோ, தோலில் கரும்புள்ளிகள் காணப்பட்டாலோ கார்னி நோய்த்தொகுதி என்ற மரபுநோயை நினைக்க வேண்டும். அவர்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஆண்டுதோறும் எக்கோ அவசியம், இரத்த உறவினருக்கும் பரிசோதனை தேவை.