நோஞ்சான் குஞ்சைத் தனியே எடுக்கலாமா?

கடைசியாகப் பொரித்த கோழிக்குஞ்சு நிற்க முடியாமல் மற்றவற்றின் காலடியில் மிதிபடுகிறது என்கிறீர்கள். எடுத்துவிடுங்கள், ஆனால் ஒற்றையாக விடாதீர்கள், கத்தியே களைத்துப்போகும். கூட்டத்தில் சாதுவான ஒன்றைத் துணைக்குப் போடுங்கள். அது தீனி கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தப் பழகும்.

தீனிக்கு அவசரமில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு நாள் தாங்கும். இப்போதைக்குச் சூடுதான் மருந்து. பல்பைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் தொங்கவிட்டு, அதன் கீழே 35 டிகிரி இருக்கும்படி பாருங்கள். வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம்; விடாமல் கீச்சிட்டால் குளிர்கிறது. அடியில் செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால்கள் விரிந்துவிடும். சொரசொரப்பான பழைய துண்டு போதும்.

அப்புறம் தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் துளி சர்க்கரை கரைத்து, விரல் நுனியால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அதுவே தலையைத் தூக்கி விழுங்கும். ஊசிக்குழலால் வாய்க்குள் பீச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்படித்தான் நான் ஒன்றைச் சாகடித்தேன். தொப்புளில் நூல்போல ஏதாவது தொங்கினால் இழுக்காதீர்கள், தானே காய்ந்து விழும்.

நன்றாக ஓடித் தின்ன ஆரம்பித்ததும் இரண்டையும் ராத்திரியில், மற்றவை தூங்கும்போது திரும்ப விடுங்கள்.