வாலைக் குலுக்கி ஒலி எழுப்பும் கிலுகிலுப்பைப் பாம்பு (rattlesnake) ஊருக்கு ஊர் வேறு நிறத்தில் இருக்கிறதே, எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது, பாம்பு எந்த ஊரில், எந்த மாதிரி நிலத்தில் கிடந்தது என்பதைத்தான்.

நான் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரின் ஓரத்தில் குடியிருக்கிறேன். அரிசோனாவில் மட்டும் 13 இனக் கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு. அக்கம்பக்கத்தார் படம் அனுப்பி, "பச்சையாக இருக்கிறது, மோஹாவிதானே?" என்று கேட்பார்கள். மோஹாவி இங்குள்ள ஓர் இனம்; அது பெரும்பாலும் பச்சை சாயலில் இருப்பது உண்மைதான். ஆனால் பழுப்பு மோஹாவியும் உண்டு, வைரமுதுகு (diamondback) என்ற இன்னோர் இனத்திலும் பச்சை சாயலடித்தது உண்டு.

இந்த இரண்டுக்கும் வால்தான் முதல் சாட்சி. இரண்டின் வாலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருக்கும். வைரமுதுகில் இரண்டு நிறப் பட்டையும் ஏறத்தாழ ஒரே அகலம். மோஹாவியில் வெள்ளை அகலம், கறுப்பு ஒல்லி. அடுத்து, கண்ணுக்குப் பின்னால் இறங்கும் வெளிர்கோடு. வைரமுதுகில் அது வாயின் ஓரத்துக்கு முன்பே உதட்டைத் தொட்டுவிடும்; மோஹாவியில் வாயைத் தாண்டிப் பின்னால் போகும். உச்சந்தலையில் கண்களுக்கு நடுவே பெரிய செதில்கள் சிலவே இருந்தால் மோஹாவி. சின்னச் செதில்கள் நெருங்கிக் கிடந்தால் வைரமுதுகு. ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று ஒத்துப்போக வேண்டும்.

நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் புள்ளிக் கிலுகிலுப்பைதான் உச்சம். வெளிர் கிரானைட் மலையில் வெள்ளைக்குப் பக்கத்தில், செம்பாறையில் ஆரஞ்சு, எரிமலைக் கருங்கல்லில் கருஞ்சாம்பல். பச்சோந்தியைப் போல நினைத்தபோது மாறுவதில்லை. பாறையோடு ஒட்டாத நிறத்தைப் பருந்துகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கித் தின்றதில் மிஞ்சியது இது.

அறிஞர்களும் இதில் தடுமாறியவர்கள்தான். 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையாளர் லின்னேயஸ் பெயரிட்ட மரக்காட்டுக் கிலுகிலுப்பை, அமெரிக்காவின் வடகிழக்கில் மஞ்சளாகவும் கறுப்பாகவும் இருக்கும். தெற்கே இளஞ்சிவப்புச் சாம்பலில், நடுமுதுகில் துருநிறக் கோடு ஓடும். தெற்கத்தியதை நெடுநாள் தனித் துணையினமாக வைத்திருந்தார்கள். இடைப்பட்ட மாநிலங்களில் இரண்டும் கலந்த தோற்றம் கிடைப்பதால், இன்று பலர் அந்தப் பிரிவை ஏற்பதில்லை. மேற்குப் பகுதியில் கதை தலைகீழ்: சமவெளியிலிருந்து பசிபிக் கரைவரை ஒரே இனம் என்று எண்ணியதை, 2000-ஐ ஒட்டி வந்த மரபணு ஆய்வுகள் பிரித்துவிட்டன.

வாலில் கிலுகிலுப்பை இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கலிபோர்னியா வளைகுடாவின் சாந்தா கத்தலினா தீவில் உள்ள இனத்துக்கு அது வளர்வதே இல்லை.

இனம் தெரிந்தால் நஞ்சு தெரிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். மோஹாவி என்றாலே நரம்பு நஞ்சு என்பார்கள். ஆனால் பீனிக்ஸுக்கும், அரிசோனாவின் இன்னொரு நகரான டூசானுக்கும் இடைப்பட்ட பகுதியில் அந்த நரம்பு நஞ்சே இல்லாத மோஹாவிகள் இருக்கின்றன. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. நல்லவேளையாக, அமெரிக்க மருத்துவமனைகளில் தரும் நஞ்சுமுறி மருந்து பல இனங்களுக்கும் பொதுவானது. கடிபட்டவர் பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, உடனே மருத்துவமனைக்குப் போனால் போதும்.

படம் எடுப்பதானால் எட்ட நின்று, வாலும் முகத்தின் பக்கவாட்டும் தெரியும்படி எடுங்கள். முதுகை மட்டும் எடுத்து அனுப்புகிறவர்களிடம் நான் ஊர்ப்பெயரைத்தான் திருப்பிக் கேட்பேன்.