ஏர் ஃப்ரையரில் போச்டு எக்: கேளுங்கள், சொல்கிறேன்

ஏர் ஃப்ரையரில் போச்டு எக் (ஓட்டை உடைத்து ஊற்றி, தண்ணீரில் மெதுவாக வேகவைக்கிற முட்டை) போட்டுச் சாப்பிட்டேன் என்று வாய் தவறிச் சொன்னது நான்தான். அன்றிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கேயே வைத்துக்கொள்வோம். ஹோட்டல் காலைப் பந்தியில் முட்டை போடுகிற அடுப்பு முன்னால் 12 வருடம் நின்றவன் நான். முட்டை சமைப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கொலஸ்ட்ரால், டயட், எந்த கம்பெனி மெஷின் வாங்கலாம், இதெல்லாம் என்னிடம் வேண்டாம்.

மதுரையிலிருந்து: அண்ணே, முதலில் இருந்து சொல்லுங்கள். எந்தப் பாத்திரம், எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம்?

நல்ல ஆரம்பம். 150 மில்லி பிடிக்கிற சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்று எடுங்கள், பாயசக் கிண்ணம் போதும். உள்ளே விரலால் எண்ணெய் தடவுங்கள். ஏர் ஃப்ரையரை 180 டிகிரியில் 3 நிமிடம் காலியாக ஓட விடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, கிண்ணத்தில் நாலு மேசைக்கரண்டி, அதாவது 60 மில்லி ஊற்றுங்கள். முட்டையை நேராக அதில் உடைக்காமல் வேறொரு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சரித்து விடுங்கள் (கூமுட்டையாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்). மஞ்சள் கரு தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும், இதுதான் முக்கியம். உள்ளே வைத்து 180 டிகிரியில் 6 நிமிடம். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த முட்டை என்றால் 7. வெளியே எடுத்ததும் ஒரு ஸ்பூனால் ஓரத்தைச் சுற்றி விட்டு, கண் கரண்டியில் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டுத் தட்டில் போடுங்கள்.

தண்ணீர் எதற்கு என்று அடுத்து கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏர் ஃப்ரையர் என்பது மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேலே ஒரு விசிறி, அவ்வளவுதான். சூடான காய்ந்த காற்று மேலேயிருந்து அடிக்கும். முட்டையை உடைத்து ஊற்றினால் மஞ்சள் கரு குன்று மாதிரி மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். வெள்ளை சுமார் 62 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும், ஆனால் கெட்டியாக 80 வரை போக வேண்டும். மஞ்சள் கருவோ 65ல் இறுக ஆரம்பித்து 70ல் கட்டியாகிவிடும். அதாவது அதிகச் சூடு வேண்டியது வெள்ளைக்கு, ஆனால் நேராகச் சூடு வாங்குவது மஞ்சள். தண்ணீர் மேலே மூடியிருந்தால் 180 டிகிரி காற்று அடித்தாலும் அந்தத் தண்ணீர் 100ஐத் தாண்டாது. மஞ்சள் கருவுக்கு அதுதான் குடை.

இன்னொன்று. கூடையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கிண்ணம் வழுக்கிக் கொதிநீர் முழுக்கக் கையில் கொட்டும். மெதுவாக இழுத்து, இடுக்கியால் எடுங்கள். துணியால் எடுத்து, துணி நனைந்து, கட்டைவிரல் கொப்பளித்த அனுபவம் எனக்கு உண்டு.

சேலத்திலிருந்து: வினிகர் ஊற்ற வேண்டாமா?

வேண்டாம். அகலப் பாத்திரத்தில் போடும்போது வெள்ளை நாலு பக்கமும் நூல் நூலாக ஓடும், புளிப்பு இருந்தால் சீக்கிரம் உறையும் என்பதற்காக வினிகர். இங்கே கிண்ணமே சுவர். வீணாக வாடைதான் மிச்சம்.

சென்னையிலிருந்து ஒரு அக்கா: எனக்கு மேலே தோல் மாதிரி சுருங்கிப்போய், மஞ்சள் கரு ரப்பராகிவிட்டது. தண்ணீர் ஊற்றினேனே!

கிண்ணம் அகலமாக இருந்திருக்கும் அக்கா. 60 மில்லி தண்ணீர் அகலமான கிண்ணத்தில் அடியோடு கிடக்கும், மஞ்சள் வெளியே எட்டிப் பார்க்கும். வாய் குறுகின, கொஞ்சம் ஆழமான கிண்ணமாக எடுங்கள். இல்லையென்றால் தண்ணீரைக் கூட்டுங்கள். இடுக்கி வைத்திருக்கிறீர்கள்தானே?

திருச்சியிலிருந்து: எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?

முதல் பதில்.

ஈரோட்டிலிருந்து: எல்லோரும் 6 நிமிடம் என்கிறீர்கள், எனக்கு 10 நிமிடம் ஆனாலும் வெள்ளை கொழகொழவென்று இருக்கிறது. சாயங்காலம் செய்தால்தான் இப்படி.

சாயங்காலம் என்று சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. உங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்குகிறது. சூட்டுக் கம்பி கொடுக்கிற சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1500 வாட் கொடுக்கிற மெஷின் 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1130 வாட்தான் கொடுக்கும், கால் பங்கு காணாமல் போய்விடும். விசிறியும் மந்தமாகலாம். காலியாகச் சூடாக்குவதை 3க்குப் பதில் 6 நிமிடமாக்குங்கள். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கட்டும், ‘நல்ல சூடு’ போதாது. நான் ஊருக்குப் போயிருந்தபோது இதே தொல்லை எனக்கும் வந்தது, மெஷின் கெட்டுவிட்டது என்று முதல் நாள் அதைத்தான் திட்டினேன்.

நாமக்கல்லிலிருந்து: எங்கள் ஊர் முட்டையில் செய்யலாமா?

உங்கள் ஊர் முட்டையில்தான் பாதித் தமிழ்நாடு செய்கிறது. நீங்கள் கொடுத்துவைத்தவர், பண்ணையிலிருந்து அன்றைக்கே வாங்கலாம். போச்டு எக்குக்குப் புது முட்டைதான் பாதி வேலை. முட்டைக்கு வயதாக ஆக உள்ளே இருக்கிற கரியமில வாயு ஓட்டின் நுண்துளை வழியாக வெளியேறி, கெட்டியான வெள்ளை இளகித் தண்ணியாகிவிடும். தட்டில் உடைத்துப் பாருங்கள்: மஞ்சளைச் சுற்றி ஜெல்லி மாதிரி வெள்ளை மேடாக நின்றால் புதுசு, எல்லாம் சமமாகப் படர்ந்தால் ஆம்லெட்டுக்குப் போடுங்கள். பழசுதான் இருக்கிறது, இருந்தும் போச்டுதான் வேண்டும் என்றால் டீ வடிகட்டியில் ஒரு நிமிடம் ஊற்றி வையுங்கள். தண்ணி வெள்ளை கீழே இறங்கிவிடும், கெட்டி வெள்ளையும் மஞ்சளும் மேலே நிற்கும்.

பெயர் சொல்லாத ஒருவர்: இதற்குப் பேர் போச்டு எக்கே இல்லை. கிண்ணத்தில் வைத்துச் சுடுவது வேறு. ஊரை ஏமாற்றாதீர்கள்.

ஆஹா, இதற்குத்தான் காத்திருந்தேன். நீங்கள் சொல்வதில் முக்கால் உண்மை. போச்டு என்ற சொல்லே பிரெஞ்சில் பை என்று பொருள்படும் ‘போஷ்’ என்பதில் இருந்து வந்தது. வெள்ளைக் கருவே மஞ்சளுக்குப் பையாக வேண்டும், பாத்திரம் தாங்கக் கூடாது. கிண்ணத்தில் போட்டு வேகவைப்பதை அவர்களே ‘ஆன் கோகோத்’ என்று தனியாகத்தான் சொல்வார்கள். ஆனால் நம் முட்டை தண்ணீருக்குள் முங்கித்தானே வேகிறது? அதனால் நான் இதைப் போச்டின் சித்தப்பா மகன் என்பேன். சண்டை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பாருங்கள், அடுத்து வந்ததை.

கரூரிலிருந்து: நம் ஆஃப் பாயிலுக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர்தானே போச்டு? பேரிலேயே பாயில் இருக்கிறதே.

பேரில் இருக்கிறது, கல்லில் இல்லை. ஆஃப் பாயில் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு ஒரு பக்கம் பொரிப்பது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கொதிக்காத முட்டைக்கு பாயில் என்று யார் பெயர் வைத்தாரோ, பரோட்டாக் கடையில் போய் ‘ஒரு ஆஃப் பாயில்’ என்றால் கேட்டது வருகிறது, நமக்கு அது போதும்.

கரூர் மறுபடியும்: அப்போ கலக்கி?

கலக்கி பற்றி உங்கள் பக்கத்து ஆட்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. கல்லில் சால்னாவோடு கலக்கி, அரைவேக்காட்டில் சுருட்டி எடுப்பது. போச்டு இல்லை. ஆனால் அதைவிட ருசி.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா: இதெல்லாம் நமக்கு எதற்குத் தம்பி? நம் சமையலில் இல்லாததையா புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்?

அம்மா, நம் சமையலில் இருக்கிறது. உடைத்து ஊற்றின முட்டைக் குழம்பு! அசல் போச்டு அதுதான், என் ஏர் ஃப்ரையர் கிண்ணம் அதன் முன்னால் நிற்க முடியாது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கக் காசில்லாத மாதக் கடைசியில் அதுதான் நடக்கும். சின்ன வெங்காயமும் தக்காளியும் வதங்கி, புளித்தண்ணி ஊற்றி, மசாலா வாடை போய் எண்ணெய் பிரிந்து வரும்போது அம்மா அடுப்பைச் சிம்மில் வைப்பார். ஒவ்வொரு முட்டையாகக் குழிக்கரண்டியில் உடைத்து, கரண்டியைக் குழம்புக்குள் பாதி முக்கி, ஓரமாகச் சரித்து விடுவார். பக்கத்திலேயே நிற்கிற என்னிடம் ‘கரண்டியைப் போட்டே, தொலைச்சுப்புடுவேன்’ என்று சொல்லிக்கொண்டே மூடி போடுவார். 5 நிமிடம். திறந்தால் வெள்ளை பூரித்துக் குழம்புக்குள் மிதக்கும், மேலே மஞ்சள் லேசாக மங்கித் தெரியும்.

இப்போது சேலத்துக்காரர் கேட்ட வினிகர் கேள்விக்குத் திரும்புங்கள். குழம்பு முழுக்கப் புளி! ஊற்றின முட்டை கலைந்து ஓடாமல் அப்படியே உருண்டு நிற்பதில், வினிகர் அங்கே செய்கிற வேலையைப் புளி இங்கே செய்கிறது. போதாததற்குக் குழம்பின் கெட்டித்தன்மையும் முட்டையைத் தாங்கும். ஹோட்டலில் சேர்ந்து, தண்ணீரில் வினிகர் விட்டு முட்டை இறக்கச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கு, ‘இதை எங்கள் அம்மா செய்வார்களே’ என்று நான் சொன்னதற்கு மொத்த அடுக்களையும் சிரித்தது. மாதக் கடைசியில் ஸ்டாஃப் சாப்பாட்டுக்கு ஒரு அண்டாவில் போட்டுக் கொடுத்தேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை, தட்டைத்தான் நீட்டினார்கள்.

பெயர் சொல்லாதவர் மறுபடியும்: குழம்பில் வேகவைப்பது போச்டு ஆகாது. தண்ணீரில்தான்.

யார் சொன்னது? பழம் சர்க்கரைப் பாகில் வெந்தாலும், மீன் பாலில் வெந்தாலும் அதே பெயர்தான். கொதி அடங்கின திரவத்தில் மெதுவாக வேக வேண்டும், அவ்வளவுதான் விதி. இனி இந்தச் சண்டைக்குப் பதில் போட மாட்டேன்.

கோவையிலிருந்து: எத்தனை நிமிடம்? 200 டிகிரியில் வைக்கலாமா?

முதல் பதில். 200 வேண்டாம், தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

தஞ்சாவூரிலிருந்து: நாட்டுக்கோழி முட்டை, வாத்து முட்டைக்கு நேரம் மாறுமா?

நாட்டுக்கோழி முட்டை சின்னது, மஞ்சள் பெரிசு. 5 நிமிடத்தில் எடுத்துப் பாருங்கள். வாத்து முட்டை பெரிசு, கிண்ணமும் பெரிசாக வேண்டும், 8 நிமிடத்தில் இருந்து பார்க்க ஆரம்பியுங்கள். கிண்ணத்தை லேசாக ஆட்டினால் வெள்ளை அசையாமல் மஞ்சள் மட்டும் துள்ள வேண்டும். ஆட்டுவதும் இடுக்கியால்.

பெங்களூரிலிருந்து: என்னிடம் ஏர் ஃப்ரையர் இல்லை. மைக்ரோவேவில் இதையே செய்யலாமா?

அது என் பாடம் இல்லை. ஒன்று மட்டும்: மைக்ரோவேவில் மஞ்சள் கருவின் தோலுக்குள் நீராவி அடைபட்டு வெடிக்கும், சில நேரம் வெளியே எடுத்து ஸ்பூன் வைத்த பிறகு முகத்துக்கு நேராக வெடிக்கும். மஞ்சளை ஊசியால் குத்தாமல் உள்ளே வைக்காதீர்கள்.

வேலூரிலிருந்து: பட்டர் பேப்பர் விரித்து அதன்மேல் முட்டையை உடைத்தால்?

கூடாது. கனமில்லாத பேப்பரை விசிறி தூக்கிச் சூட்டுக் கம்பியில் ஒட்டவைக்கும், கருகும், தீயே பிடிக்கலாம். பிளாஸ்டிக் கிண்ணம், மெலமைன் கிண்ணம் என்று கேட்கப்போகிறவர்களுக்கும் இதே பதில்: கூடாது. சிலிகான் கப் சரி, ஆனால் தொளதொளவென்று இருக்கும், தூக்கும்போது வளைந்து தண்ணீர் கொட்டும். இடுக்கி!

சென்னையிலிருந்து: மனைவி கர்ப்பமாக இருக்கிறார். மஞ்சள் கரு ஒழுகுகிற மாதிரி கொடுக்கலாமா?

வேண்டாம். அரைவேக்காட்டு முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு, கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர்களுக்கு மஞ்சள் நன்றாக இறுகின முட்டைதான். 10 நிமிடம் வைத்து, உடைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மற்றதை டாக்டரிடம் கேளுங்கள்.

மதுரையிலிருந்து இன்னொருவர்: கரண்ட் பில் எகிறுமா?

1500 வாட் மெஷின் 10 நிமிடம் ஓயாமல் ஓடினாலும் கால் யூனிட்தான். ஆனால் ஒரு முட்டைக்காக மட்டும் அதை ஓட்டுவது எனக்கே உறுத்தும். நாலு கிண்ணம் சேர்த்து வையுங்கள், ஒன்றிரண்டு நிமிடம் கூடும்.

ஓசூரிலிருந்து: எத்தனை நிமிடம்?

6. ஆறு. ஃப்ரிட்ஜ் முட்டை 7.

கரூர், கடைசியாக: உடைத்து ஊற்றின குழம்பையே ஏர் ஃப்ரையரில் வைத்தால் என்ன?

வேகும். கொதிக்கிற குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, முட்டையை உடைத்துவிட்டு, 180ல் 7 நிமிடம். போன வாரம் செய்தும் பார்த்தேன். முட்டை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காற்று அடித்து மேலே குழம்பு காய்ந்து ஆடை கட்டியது, கொதித்ததும் மசாலா மேலே இருக்கிற கம்பி வரைக்கும் தெறித்தது. மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் அந்தக் கம்பியை அரை மணி நேரம் தேய்த்தேன். சட்டியிலேயே வையுங்கள்.