பெற்றோலும் கரண்டும் இல்லாமல் 90களில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் ரேடியோவும் எப்படி இயங்கின?

மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது கட்டுக்கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். 1990 ஜூனில் அரச படைகளுக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, மெழுகுதிரி எல்லாம் அரசின் தடைப் பட்டியலில். மண்ணெண்ணெய்கூட அளவாகத்தான் கிடைத்தது, அதுவும் நெருப்பு விலை.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஸ்ரார்ட் பண்ண மட்டும் பெற்றோல். சின்னப் போத்தலில் வைத்திருந்து, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் காற்று வாயில் சில துளி விட்டு உதைத்தால் எஞ்சின் பற்றும். அந்தச் சூடு ஆறுமுன் ராங்கியிலிருந்து வரும் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிடிக்காவிட்டால் இன்னும் சில துளி. பெற்றோல் வீணாகும் இடம் இதுதான், ஆகவே சின்ன வேலைக்கு இறங்குகிறவர்கள் எஞ்சினை நிறுத்துவதில்லை. ஆறவிட்டால் காபரேற்றர் கிண்ணத்தில் நிற்கும் மண்ணெண்ணெயை வடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். கழற்றிச் சுரண்டித் துடைத்து, நெருப்பில் காட்டிப் பூட்டவேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் 'டொக் டொக்' என்று இடிக்கும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு, அமுக்கம் தாங்காது. நாலு ஸ்ரோக் எஞ்சினில் இன்னொரு கேடு: எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். ஒயிலைத் தவறாமல் மாற்றாவிட்டால் சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்து புகை கக்கத் தொடங்கும்.

விளக்குக்கு ஜாம் போத்தல். அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூப் வால்வுக்குள் நூல்திரியைக் கோத்து, கம்பியில் கட்டிப் போத்தல் வாயில் கொளுவி உள்ளே தொங்கவிட்டால், திரியின் கீழ்நுனி பஞ்சில் தொடும். போத்தலே சிமினி. திரி வால்வுக்கு மேலே ஒரு நெல்லளவு நின்றால் போதும். கூடினால் கண்ணாடி கறுத்து வெளிச்சமே வராது. எண்ணெயை மிதக்கவிட்டால் அது பற்றிப் போத்தல் வெடிக்கும்.

ரேடியோவில்தான் பலர் கோட்டைவிட்டார்கள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, கையால் பெடலைச் சுற்றி இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்டார்கள். டைனமோ 6 வோல்ற், 3 வாற். ஆனால் அது தருவது மாறுமின்னோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் ஒன்றோடு விட்டால் பாட்டோடு உறுமலும் கேட்கும். நாலு டயோட் பாலம், பின்னால் 1000 மைக்ரோபராட் மின்தேக்கி, அதுவும் 25 வோல்ற் தாங்குவது என்றால் சத்தம் தெளியும். முக்கியமான விஷயம், லைற் பல்ப்பைக் கழற்றக்கூடாது. ரேடியோ இழுப்பது கொஞ்ச மின்னோட்டம், சுமை இல்லாத டைனமோ வேகத்துக்கு ஏற்ப 6 வோல்ற்றைத் தாண்டி எகிறிவிடும். பல்ப் எரிந்தால் அது அடங்கும். பல்ப்பின் பிரகாசம் மாறாமல் சுற்றினால் வேகம் சரி. சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தி பாதியில் இழுபடும், ஆகவே இரண்டு பேர் மாறிமாறிச் சுற்றுவது வழக்கம். இரண்டு பற்றரி போடும் 3 வோல்ற் ரேடியோவை இதில் நேரே கொளுவினால், ரேடியோ போய்விடும்.