சுனையை விட்டு வந்த படை

அன்புள்ள ஐயா,

சிலுவைப்போர்கள் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஒரு சந்தேகம். 1187 ஜூலையில் ஹத்தீனில் முஸ்லிம் சுல்தான் சலாவுதீன், சிலுவைப்போர்க் கிறிஸ்தவர்கள் ஆண்ட எருசலேம் அரசின் படையை அடியோடு அழித்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1191 செப்டம்பரில், அர்சூஃபில் அவரே இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டிடம் தோற்றார். இருபக்கமும் அதே ஆயுதங்கள், அதே போர்முறை, வெயிலும் அதேதான். கவசத்தின் பாரமும் சூடும் தாங்காமல் ஹத்தீனில் வீரர்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் அர்சூஃபில் ஏன் விழவில்லை? ரிச்சர்டின் வீரம்தான் காரணமா?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

கவசத்தை முதலில் பார்த்துவிடுவோம். திரைப்படங்களில் வரும் முழு இரும்புத் தகட்டுக் கவசம் இந்தப் போர்களுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிந்தியது. 1187-இல் ஃபிராங்குக் (அதாவது, மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவ) குதிரைவீரர் அணிந்தது இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சங்கிலிச் சட்டை. எடை 12 முதல் 15 கிலோ. இடுப்பில் வார் கட்டினால் பாதிப் பாரம் தோளை விட்டு இறங்கிவிடும். பழகியவருக்கு அது பெரிய சுமையில்லை. உள்ளே போடும் திணிப்பு அங்கிதான் வியர்வையைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடிக்கத் தண்ணீர் கிடைக்கும்வரை அதையும் தாங்கலாம். அர்சூஃபிலும் இதே சட்டை, இதே அங்கி. ஆகவே கேள்வியைத் தண்ணீரின் பக்கம் திருப்ப வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஹத்தீனுக்குப் போன படையில் கனரகக் குதிரைவீரர்கள் சுமார் 1,200 பேர். இலகு குதிரைப்படையும் காலாட்களும் சேர்த்து மொத்தம் பதினெட்டாயிரம் முதல் இருபதாயிரம் வரை இருக்கலாம் என்பது இன்றைய வரலாற்றாளர் பலரின் கணிப்பு. குதிரைகள் ஐயாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வேலை செய்யும் குதிரைக்கு நாளைக்கு 40 லிட்டராவது வேண்டும். குதிரைகளுக்கு மட்டுமே 2 லட்சம் லிட்டர். ஒரு கோவேறு கழுதை 100 லிட்டர் சுமந்தால் இரண்டாயிரம் கழுதைகள் தேவை, அவையும் குடிக்கும். இப்படி ஒரு படை தண்ணீரைச் சுமந்துகொண்டு போக முடியாது. தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து தண்ணீர் இருக்கும் இன்னோர் இடத்துக்குத்தான் நடக்க முடியும்.

1187 ஜூலை 2 அன்று எருசலேம் மன்னர் கீ, நாசரேத்துக்கு வடக்கே சஃபூரியா சுனைகளின் கரையில் முகாமிட்டிருந்தார். அவரை அங்கிருந்து கிளப்பத்தான் சலாவுதீன் திபேரியா நகரைத் தாக்கினார். கோட்டைக்குள் சிக்கியிருந்தவர் திரிப்போலிக் கோமகன் ரேமண்டின் மனைவி. அந்த ரேமண்டே, ‘நகரம் போனால் போகட்டும், இங்கிருந்து நகரக் கூடாது’ என்றார். மன்னரும் ஒப்புக்கொண்டார். இரவில் தனியாக வந்து பேசிய, டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகள் சபையின் தலைவர் ஜெரார்டு அந்த முடிவை மாற்றிவிட்டார்.

மன்னர் ஏன் மசிந்தார் என்பதற்கு 1183-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டும் சலாவுதீன் கலிலேயாவுக்குள் வந்தார். அப்போது ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த இதே கீ சுனைக்கரையிலேயே படையை நிறுத்திக்கொண்டு போருக்கு இறங்க மறுத்தார். சில நாள் பார்த்துவிட்டுச் சலாவுதீன் திரும்பிப் போனார். போர்க்கலைப்படி அது அப்பழுக்கற்ற வெற்றி. ஆனால் ‘கோழை’ என்ற பெயர்தான் மிஞ்சியது, பதவியும் பறிபோனது. ஹத்தீனின் வேர் இங்கே இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

சஃபூரியாவிலிருந்து திபேரியா சுமார் 26 கிலோமீட்டர். ஜூலை 3 விடியலில் படை கிளம்பியது. பத்துக் கிலோமீட்டர் போனால் துரான் என்ற ஊர், அங்கே ஒரு சின்னச் சுனை. அதைத் தாண்டினால் வழியில் இந்தப் படைக்குப் போதுமான நீர் கிடையாது. துரானில் தங்கியிருந்தால் மறுநாள் திரும்பியாவது போயிருக்கலாம். தங்காமல் மேலே நடந்தார்கள். அவர்கள் கடந்து போனதும் சலாவுதீனின் இரு பக்கப் படைகளும் பின்னால் வளைந்து வந்து சுனையைப் பிடித்துக்கொண்டன. முன்னே திபேரியா ஏரி, பின்னே துரான், இரண்டும் எதிரி கையில்.

அடுத்து நடந்ததை ஊன்றிப் பாருங்கள். குதிரை வில்லாளிகள் படையின் கடைசிப் பிரிவை, பழந்தமிழில் கூழை என்பார்களே, அதை விடாமல் அடித்தார்கள். பின்படை நின்று திருப்பி அடிக்க வேண்டியதாயிற்று. பின்படை நின்றால் முன்படையும் நிற்க வேண்டும்; இல்லையென்றால் நடுவில் இடைவெளி விழும், அதற்குள் எதிரி புகுந்துவிடுவான். இப்படி நின்று நின்று நடந்ததில் மாலைக்குள் ஏரியை எட்ட முடியவில்லை. நீரில்லாத மேட்டிலேயே இரவு தங்கினார்கள். அதே இரவில் சலாவுதீனின் ஒட்டகங்கள் ஏரியிலிருந்து தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வந்தன. அம்புகளும் வந்தன. 400 சுமை அம்புகளைப் பங்கிட்டதாகவும், அது போக 70 ஒட்டகங்களை அம்புச் சுமையோடு களத்திலேயே நிறுத்தியதாகவும் அவருடைய செயலாளர் இமாதுத்தீன் எழுதியிருக்கிறார். வேகமாக எய்யும் வில்லாளியின் தூணி சில நிமிடங்களில் காலியாகிவிடும். அந்த ஒட்டகங்கள் இல்லையென்றால் தாக்குதல் பகல் முழுதும் நீடித்திருக்காது.

காலையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். காற்று புகையை ஃபிராங்குகள் பக்கம் தள்ளியது. தாகத்தில் காலாட்படை அணியை விட்டுக் குன்றின் மேல் ஏறிக்கொண்டது. மன்னர் கூப்பிட்டும் இறங்கி வரவில்லை. போரின் முடிவு அந்த இடத்தில் தெரிந்துவிட்டது. காரணம் குதிரை. எட்ட இருந்து வரும் அம்பு சங்கிலிச் சட்டையையும் அங்கியையும் துளைத்து ஆளைக் கொல்வது அரிது, குதிரைக்கோ மேலே ஒன்றும் இல்லை. குதிரை விழுந்தால் குதிரைவீரர் வெறும் காலாள். வில்லாளிகளைக் குதிரைகளிடமிருந்து தள்ளி நிறுத்துவது ஈட்டியும் குறுக்குவில்லும் ஏந்திய காலாட்களின் வேலை. அந்த வேலி விலகியதும் குதிரைகள் வரிசையாக விழுந்தன. ரேமண்டு தன் பிரிவோடு பாய்ந்தபோது எதிர் அணி வழிவிட்டு ஒதுங்கி, அவர் போனதும் மூடிக்கொண்டது. எதிரில் நிற்பவனை மோதித் தகர்க்கத்தான் அந்தப் பாய்ச்சல். நிற்க மறுப்பவனிடம் அது செல்லாது.

இனி அர்சூஃப். அக்கோ, யோப்பா இரண்டும் கடற்கரை நகரங்கள்; இடையே சுமார் 130 கிலோமீட்டர். 1191 ஆகஸ்ட் 22 அன்று கிளம்பிய ரிச்சர்டு செப்டம்பர் 10 அன்றுதான் போய்ச் சேர்ந்தார். நாளைக்கு ஏழு கிலோமீட்டர் கூடத் தேறாது. விடியலில் நடை, வெயில் ஏறுவதற்குள் முகாம், இடையிடையே முழுநாள் ஓய்வு. முகாம் போட்ட இடங்கள் கடலில் கலக்கும் ஓடைகளின் கரைகள். வலப்பக்கம் கடல், கப்பல்கள் உணவும் தீவனமும் சுமந்துகொண்டு கூடவே வந்தன. கடலோரமாக மூட்டை முடிச்சுகள், நடுவில் குதிரைப்படை, இடப்பக்கம் காலாட்களின் சுவர். காலாட்களை இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு பாதி அம்பு வாங்கும்போது மறு பாதி மூட்டைகளோடு கடலோரம் நடந்து இளைப்பாறும், பிறகு மாற்றிக்கொள்வார்கள். சலாவுதீனோடு இருந்த பஹாவுதீன் கண்ணால் கண்டு எழுதுகிறார்: முதுகில் ஒன்றிலிருந்து பத்து அம்புகள் வரை தைத்திருக்க, அதே நடையில் போய்க்கொண்டிருந்தார்களாம். கம்பளி அங்கியும் சங்கிலிச் சட்டையும் அம்பைப் பிடித்து நிறுத்தின. இவர்களின் குறுக்குவில்லுக்குப் பயந்து எதிரி கிட்ட நெருங்கி எய்யவும் முடியவில்லை.

செப்டம்பர் 6 முழு ஓய்வு. 7-ஆம் தேதி நடக்க வேண்டிய தூரம் சுமார் பத்துக் கிலோமீட்டர்தான். பின்படையில் இருந்த ஹாஸ்பிட்டலர்கள் (டெம்ப்ளர்களைப் போன்ற இன்னொரு போர்த்துறவிகள் சபையினர்) குதிரைகளை இழந்துகொண்டே இருந்தார்கள். பாய அனுமதி கேட்டும் ரிச்சர்டு மறுத்தார். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு என ஆறு எக்காளங்கள் ஒலித்தால் ஒட்டுமொத்தமாகப் பாய்வது என்பது ஏற்பாடு. ஒலிக்கு முன்பே ஹாஸ்பிட்டலர் தளபதியும் இன்னொரு வீரரும் பொறுமையிழந்து பாய்ந்துவிட்டார்கள். திட்டம் அங்கே குலைந்தது. ரிச்சர்டின் திறமையை நான் காண்பது அடுத்த சில நிமிடங்களில். திட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்காமல் மீதிக் குதிரைப்படையையும் உடனே அனுப்பினார். எதிரி அன்று மிக நெருங்கி வந்திருந்ததால் விலக நேரமில்லை. பிறகு, அதைவிடக் கடினமான காரியம்: துரத்திப் போனவர்களை நிறுத்தி, மறுபடி அணி சேர்த்து, திரும்பி வந்த எதிரியின் மேல் மீண்டும் பாய வைத்தார். சிதறித் துரத்தும் குதிரைப்படையை வளைத்து அழிப்பதில் துருக்கியக் குதிரைவீரர்கள் கைதேர்ந்தவர்கள்.

அர்சூஃபைப் பெரிய வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. சலாவுதீனின் படை அழியவில்லை; இரண்டே நாளில் மறுபடி போருக்கு வந்து நின்றது. ரிச்சர்டு காப்பாற்றியது தன் படையை, பிடித்தது யோப்பாவை.

வீரம்தானா என்று கேட்டீர்கள். ரிச்சர்டின் வீரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1192 ஜனவரியில் அவர், ஹத்தீனுக்குப் பின் சலாவுதீன் கைக்குப் போயிருந்த எருசலேமுக்கு இருபது கிலோமீட்டர் அருகே, பெய்த் நூபா வரை வந்துவிட்டுத் திரும்பினார். ஜூனில் மறுபடி அங்கே வந்தார். அதற்குள் நகரைச் சுற்றியிருந்த கிணறுகளையும் நீர்த்தொட்டிகளையும் சலாவுதீன் தூர்த்துவிட்டார். முற்றுகையிடும் படை எங்கே தண்ணீர் குடிக்கும் என்று ரிச்சர்டு கூட்டிய ஆலோசனையில் விவாதித்தார்கள். 1183-இல் கீயை ஏசியது போலவே அவரையும் ஏசியவர்கள் உண்டு. ஜூலைத் தொடக்கத்தில் படையைக் கடற்கரைக்கே திருப்பிக்கொண்டு போனார்.