பல் காளான்: தாப்பா வட்டார வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே காளானைப் பற்றியவை. சீன சைவக் கடைகளில் குரங்குத் தலைக் காளான் என்று விற்கிறார்களே, அதுதான். சிலர் சிங்கப்பிடரிக் காளான் என்று எழுதியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் வைத்த பெயர் ஹெரிசியம் எரினேசியஸ். எல்லாம் ஒன்றே. முட்கள் பல் வரிசை போலத் தொங்குவதால் இவ்வகையைப் பல் காளான் என்பார்கள்.

ஐயா, எங்கள் பழைய ரப்பர் மரத்தில் வெள்ளையாகத் தாடி போல ஒன்று தொங்குகிறது. சிங்கப்பிடரிக் காளானா? சமைக்கலாமா? (பீடோர்)

அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது குளிர்நாட்டுக் காட்டுக் காளான். ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா, ஜப்பான் பக்கம் ஓக், பீச், வால்நட் மரங்களின் காயம் பட்ட இடத்தில் புகுந்து, உள்வைரத்தை மெல்ல அரித்து, இலையுதிர் காலத்தில் வெளியே தலைகாட்டும். பிரிட்டனில் அது அரிதாகிவிட்டதால் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படுகிறது. அங்கே காட்டில் பறித்தால் குற்றம்.

அடையாளம் எளிது. குடையும் இல்லை, காம்பும் இல்லை, ஒரே உருண்டை. அதிலிருந்து 1 முதல் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய முட்கள் நேராகக் கீழே தொங்கும். வித்துத்தூள் உருவாவது அந்த முட்களின் மேற்பரப்பில்தான். அடியில் தகடு தகடாகவோ, ஊசி குத்தியது போலத் துளைகளாகவோ இருந்தால் அது வேறு. பட்டுப்போன ரப்பர் கட்டையில் நம்மவர்கள் பறிக்கும் சின்ன விசிறி போன்ற குலாட் சிசிர் உங்களுக்கே தெரிந்திருக்கும். அதுவும் இல்லை என்றால், தெரிந்தவர் நேரில் பார்க்கும்வரை சட்டியில் போடாதீர்கள்.

இன்னொன்று. மரம் உயிரோடிருந்து, அடித்தூரில் ஆரஞ்சு நிறத்தில் தட்டையான காளானும் வேரில் வெள்ளை இழைகளும் தெரிந்தால் அது வெள்ளை வேர் நோயாக இருக்கலாம். சொந்தத் தோட்டம் என்றால் ரிஸ்டா (ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பு) அதிகாரியிடம் காட்டுங்கள். பக்கத்து மரத்துக்கும் வேர் வழியாகவே பரவும்.

ரத்தம் வடியும் பல் காளான் என்று வீடியோவில் பார்த்தேன். எங்கள் செம்பனை மரத்தடியிலும் சிவப்பாக ஒன்று முளைத்து, சொட்டுச் சொட்டாக நீர் வடிக்கிறது. அதுவா? (தாப்பா ரோடு)

இல்லை. வீடியோவில் வந்தது ஹைட்னெல்லம் பெக்கியை. ஊசியிலை மரங்களின் வேரோடு கூட்டு வைத்து மண்ணில் முளைப்பது. செம்பனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேகமாக வளரும் காளான்கள் பல இப்படி நீர் கசியும்.

நீங்கள் சொல்வது பளபளப்பான செம்பழுப்பு நிறத்தில், வெள்ளை விளிம்போடு இருந்தால் கேனோடெர்மா என்றே சந்தேகப்படுவேன். செம்பனையின் அடித்தண்டை அழுக வைப்பது அதுதான். காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே நிறைய அழுகிவிட்டது என்று பொருள், மரம் திடீரென்று சாயலாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், தோட்டக் கண்டக்டரிடம் இன்றே சொல்லுங்கள்.

பாட்டிக்கு ஞாபக மறதி. சிங்கப்பிடரிக் காளான் மாத்திரை நரம்பை வளர்க்கும் என்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் சொல்கிறார். விலையோ அதிகம். வாங்கலாமா? (தாப்பா)

அவர் சொல்வதற்குப் பின்னால் கொஞ்சம் உண்மை உண்டு. அவர் அதை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துகிறார்.

ஹெரிசினோன், எரினசின் என்ற பொருள்கள் இதில் இருக்கின்றன. முதலாவது காளான் உடலிலும் இரண்டாவது அதன் வேர் போன்ற இழையிலும் கண்டறியப்பட்டவை. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தூண்டுவதாக ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். நம் மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் காலில் நரம்பு நசுக்கப்பட்ட எலிகளுக்கு இதன் நீர்ச்சாற்றைக் கொடுத்து, நரம்பு விரைவாகத் தேறியதை 2011இல் வெளியிட்டார்கள். நல்ல வேலை. ஆனால் எலி எலிதான்.

மனிதர்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2009இல் வந்த ஜப்பானிய ஆய்வு. 50 முதல் 80 வயது வரை, லேசான மறதி உள்ள 30 பேர். பாதிப் பேருக்குக் காளான் தூள் மாத்திரை, மீதிப் பேருக்குச் சும்மா மாத்திரை, 16 வாரம். காளான் எடுத்தவர்களுக்கு அறிவாற்றல் சோதனையில் மதிப்பெண் கூடியது. நிறுத்தி நான்கு வாரத்தில் இறங்கிவிட்டது. விற்பவர் இந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்க மாட்டார். 30 பேரை வைத்து நோய்க்கு மருந்து என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால் முதலில் பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12 குறைவு, சாப்பிடும் மாத்திரைகள் என்று மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல. இனிப்பு நீருக்கோ ரத்தம் இளகவோ மருந்து எடுக்கிறார் என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம். அப்படியும் வாங்குவதென்றால் டப்பாவில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுப்படமும் இருக்கிறதா பாருங்கள். அவை பதிவானதற்குச் சான்று, மறதி குணமாகும் என்பதற்கு அல்ல. தானியத்தில் வளர்த்த இழையை அப்படியே அரைத்த தூளில் மாவும் சேர்ந்தே வரும், அதையும் விசாரியுங்கள்.

சிப்பிக் காளான் வளர்க்கிறோம். அதே கொட்டகையில் சிங்கப்பிடரிக் காளானையும் போடலாமா? (தாப்பா ரோடு)

பைக்கலவை அதேதான்: ரப்பர் மரத்தூள் 100 பங்கு, தவிடு 10, சுண்ணாம்பு 1. பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. சிக்கல் வெப்பத்தில். இது தலை விட 18 முதல் 24 டிகிரி வேண்டும். தாப்பாவில் பகலில் 30ஐத் தாண்டும் கொட்டகையில் நடக்காது. ஏர்கோன் அறை வேண்டும், இல்லாவிட்டால் கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா பக்கம் இடம் பார்க்க வேண்டும். கரண்ட் பில்லைக் கணக்குப் போட்ட பிறகு இறங்குங்கள்.

இறங்கினால் ஒன்று நினைவிருக்கட்டும். சிப்பியின் இழை பஞ்சு போல அடர்ந்து பரவும். இதன் இழை மெலிதாக, பரவியதா இல்லையா என்றே தெரியாதபடி இருக்கும். பை கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பைக்கு ஒரு கீறல் போதும். காற்றோட்டம் குறைந்தால் உருண்டையாகாமல் பவளம் போலக் கிளை விடும். தலைமீது நேராகத் தண்ணீர் தெளிக்காதீர்கள். முள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுமுன், வெள்ளையாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள்.

சிங்கப்பிடரிக் காளானில் ரெண்டாங் செய்தேன், கசந்துவிட்டது. (பீடோர்)

காய்ந்ததா? இரவெல்லாம் ஊறவைத்து, அடியில் கெட்டியாக இருப்பதை வெட்டி எறிந்து, கசப்பு போகும்வரை நாலைந்து முறை தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள். புதியது என்றால் கையால் நார் நாராகக் கிழித்து, எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் நீர் வற்ற வதக்கிய பிறகே மசாலா. விரத நாளுக்கு உறைய வைத்த பாக்கெட் வாங்குபவர்கள் ‘தெலூர்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முட்டை சேர்த்தவையும் உண்டு.

மழைக்குப் பிறகு பள்ளித் திடலில் பெரிய வெள்ளைக் குடைக் காளான்கள். பையன் பறித்து வந்துவிட்டான். (தாப்பா)

அவற்றுக்குப் பல் இல்லை, தகடு. பச்சையாக மாறும் தகடு என்றால் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் வகை. தூக்கிப் போடுங்கள். சாப்பிட்டிருந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், காளானையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.