குவாய் ஆற்றங்கரைக்கு எதில் போவது?

கேள்வி: பாங்காக்கிலிருந்து குவாய் ஆற்றங்கரையில் உள்ள காஞ்சனபுரிக்கு எப்படிப் போவது? ஊருக்குள் சுற்ற என்ன வழி?
– வாசகி, பெருந்துறை

பதில்: அவசரமென்றால் பாங்காக்கின் தெற்குப் பேருந்து நிலையத்தில் வேன் கிடைக்கும். என் ஓட்டு ரயிலுக்குத்தாங்க. தோன்புரி நிலையத்தில் ஏற வேண்டும், பாங்காக்கின் பழைய பெரிய நிலையமான ஹுவாலம்போங் போய் நிற்காதீர்கள். காஞ்சனபுரியைப் பார்த்த பிறகு, அதே ரயில் தடத்தில் கடைசி நிலையமான ‘நாம் தோக்’ வரை போய் வாருங்கள். குவாய் பாலம் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். தாம் கிராசே நிலையம் அருகே பாறையை ஒட்டிய மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும், கீழே ஆறு. 1942-43இல் ஜப்பானியர் போட்ட தடம் இது. மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டது இதைப் போடும் வேலையில்தான்.

ஊருக்குள் சோங்தேவ் ஓடும்: பின்னால் எதிரெதிரே பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி. பக்கத்து இடங்களுக்கு வாடகைச் சைக்கிளே போதும். ஸ்கூட்டர்தான் வேண்டுமென்றால் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை இங்கேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.